தாள் இல்லாமல் விற்கப்பட்ட குட்டி: மலையகத்து நாய் விற்பனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), டவுனிலிருந்து வாங்கிவந்த நாய்க்குட்டி ஆறாம் நாள் செத்துப்போனது. அதற்கு இரண்டு நாள் முன்னர் அதனிடம் கடிபட்ட ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விசர்நாய்க்கடிக்கான (ரேபிஸ்) சிகிச்சை முழுவதையும் கொடுக்க வேண்டி வந்தது. மலையகத்தில் இதே வரிசையில் பல வீடுகளில் நடப்பதால், பல வீட்டு விவரங்களைச் சேர்த்து ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறோம். தோட்டம், டவுன், குடும்பம் எதற்கும் பெயர் தரவில்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விற்பனைக்குக் கடுமையான விதி வேண்டும். வளர்ப்புக்கு வேண்டியது இலகுவான, செலவில்லாத பதிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி "செல்லப்பிராணிகளை ஒழுங்குபடுத்துவோம்" என்று கிளம்பினால் தண்டப்பணம் லயத்து வாசலுக்கு வரும். விற்றவர் அடுத்த டவுனுக்குப் போயிருப்பார்.

வாங்கிய நாள்

ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்ற வேனில், கடதாசிப் பெட்டியொன்றுக்குள் ஐந்து குட்டிகள். லேப்ரடோர் என்றார் விற்றவர். வயது இரண்டரை மாதம் என்றும் சொன்னார். "ரெண்டு ஊசியும் போட்டாச்சுண்ணே, பயப்படாம கொண்டு போங்க." விலை 25,000 ரூபா. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் 18 நாள் பேருக்கு (ஒரு நாள் வேலைக் கூலிக்குப் பெயர் பேர்) மேல். பற்றுச்சீட்டு கிடையாது. கையில் கொடுத்தது மடித்த அட்டை ஒன்று. அதில் இரண்டு திகதிகள் பேனையால் எழுதப்பட்டிருந்தன. ஊசிமருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, மிருக வைத்தியரின் கையொப்பமும் பதிவிலக்கமும் இல்லை.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்து பார்த்திருந்தால் வயது பொய் என்று தெரிந்திருக்கும். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பல் 28உம் வந்திருக்கும்: மேலும் கீழும் ஒவ்வொரு பக்கத்திலும் முன்பல் மூன்று, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப் பக்கம் மூன்று. இந்தக் குட்டிக்குப் பின்பற்கள் முரசுக்குள்ளிருந்து அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணில் நீலம் மாறவில்லை. எடை 2.1 கிலோ. ஆறு வாரத்தைத் தாண்டியிராது.

வயதைக் கூட்டிச் சொல்வதற்கு விற்பவரிடம் காரணம் இருக்கிறது. ஐந்தாறு வாரக் குட்டி பஞ்சுபோல அழகாக இருக்கும், சீக்கிரம் விலைபோகும். பால் மறந்தபின் எட்டு வாரம்வரை வைத்துத் தீன் போட்டு, பூச்சிமருந்தும் ஊசியும் கொடுத்தால் இலாபம் குறையும். அதே இரண்டு மூன்று வாரந்தான் குட்டியின் உயிருக்கு மிக ஆபத்தான காலம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்தபின்னும், ஊசியை வேலைசெய்ய விடாத அளவுக்கு அது இரத்தத்தில் மிஞ்சியிருக்கும். இந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வாரத்தில் வரும். அதனால்தான் பார்வோ, டிஸ்டெம்பர் (குட்டிகளைக் கொல்லும் இரண்டு வைரஸ் நோய்கள்) ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். ஆறு வாரக் குட்டிக்கு "ரெண்டு ஊசியும்" உண்மையாகவே போட்டிருந்தாலும் அது பாதுகாப்பாகாது.

ஊசி போட்டது யார், மருந்து எங்கே இருந்தது என்பது அடுத்த கேள்வி. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். விற்பவரே வாங்கி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத்தட்டில் வைத்து, கரன்ட் போய் வந்து, தானே ஏற்றிவிடுவதில் மருந்து வலுவிழக்கிறது. விசர்த் தடுப்பூசி உறைந்துபோனாலும் கெட்டுவிடும். கெட்ட மருந்து நிறத்தாலோ மணத்தாலோ காட்டிக்கொடுக்காது. ஸ்டிக்கர், தொகுதி இலக்கம், கையொப்பம் மூன்றையும் நாங்கள் விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

நாள் 0 முதல் 6 வரை

பஸ்ஸில் மூன்று மணி நேரம், பெட்டிக்குள், தண்ணீரில்லாமல். வந்திறங்கிய மாலையே தெள்ளுப்பூச்சி போகட்டுமென்று சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) விட்டார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இரவுக்குளிர் பெரிய நாயையே சுருட்டிவிடும். ஆறு வாரக் குட்டியின் உடலில் சேமிப்புக் கொழுப்பும் சர்க்கரையும் மிகக் குறைவு. ஈரமும் குளிரும் பட்டினியும் சேர்ந்தால் சில மணித்தியாலத்திலேயே இரத்தச் சர்க்கரை விழும். வந்த முதல் வாரம் குளிப்பாட்டக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த சாக்கில் வைத்து, குசினி அடுப்பின் சூடு படுகிற மூலையில் படுக்கவிட வேண்டும். நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகச் சாப்பாடு.

மூன்றாம் நாள் சாப்பாட்டை விட்டது. அன்றிரவு வாந்தி. நான்காம் நாள் காலை தண்ணீராகப் போய், மாலையில் இரத்தம் கலந்து கெட்ட வாடையுடன் போனது. வீட்டார் இரண்டு காரியம் செய்தார்கள். மேல் சுடுகிறதென்று அரை பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்தார்கள். 500 மில்லிகிராம் வில்லையில் பாதி 250. 2 கிலோக் குட்டிக்கு அது கிலோவுக்கு 120 மில்லிகிராம் அளவில் வருகிறது, ஈரலைக் கெடுக்கப் போதுமான அளவு. (பூனைக்கு இதைவிட எவ்வளவோ குறைந்த அளவே உயிரைக் கொண்டுபோய்விடும். பனடோலை எந்தப் பிராணிக்கும் கொடுக்க வேண்டாம்.) பிறகு ஜீவனி (பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்து வாயைப் பிளந்து ஊற்றினார்கள். வாந்தியெடுக்கும் குட்டிக்கு வாயால் ஊற்றுவது வயிற்றில் நிற்காது. மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. அப்படி ஊற்றும்போதுதான் வாயைப் பிடித்திருந்த பிள்ளையின் விரலில் பல் பட்டு இரத்தம் வந்தது.

ஐந்தாம் நாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மலத்தில் செய்யும் பார்வோ விரைவுப் பரிசோதனை பொசிட்டிவ். அந்நேரம் உடல் நீர் 8 சதவீதமளவு வற்றியிருந்தது. கணக்கு இதுதான்: 2.1 கிலோவில் 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 170 மில்லிலீற்றர் இழப்பு. குட்டியின் அன்றாடத் தேவை கிலோவுக்கு 120 வீதம் 250. மேலும் வாந்தி பேதியில் போவது. முதல் 24 மணித்தியாலத்தில் 400 மில்லிலீற்றருக்கு மேல் நரம்புவழி ஏற்ற வேண்டும்; அதனுடன் குளுக்கோஸ், வாந்தி நிறுத்தும் மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, வாந்தி நின்றதும் குழாய்வழி உணவு. தங்கவைத்து இப்படிப் பார்த்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். பார்க்காமல் விட்டால் பெரும்பாலானவை சாகும். தங்கவைக்க அங்கே இடமில்லை. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பயணச் செலவும் ஒரு நாள் பேரும் வேண்டும். தோலுக்கடியில் கொஞ்சம் சேலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் விடியற்காலை முடிந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் தேயிலை மலையில் புதைத்தார்கள்.

பிள்ளையின் விரல்

குட்டியைக் கொன்றது பார்வோ என்றே கொள்ளலாம். ஆனால் பார்வோ பொசிட்டிவ் என்பது விசர் இல்லையென்பதற்கு அத்தாட்சியல்ல. கூட்டில் இருக்கும்போதே விசர் பிடித்த நாய் கடித்துவிட்டுப் போன குட்டி, ஊசி போடும் வயதை எட்டும் முன்பே நோயைக் காட்டக்கூடும். தாய்க்கு ஊசி போட்டதா, எங்கே பிறந்தது, கூடப்பிறந்த குட்டிகள் எப்படியிருக்கின்றன என்று கேட்க விற்றவரின் தொலைபேசி இலக்கம்கூட இல்லை.

கடித்த நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிப்பது இலங்கையில் வழக்கம். அதற்குள் செத்தால் தலையைக் கொழும்பு, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். வெட்டுவதை மிருக வைத்தியர் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஏற்பாட்டில் விட வேண்டும். வீட்டார் வெறுங்கையால் தொடக்கூடாது. கசியாத உறையிலிட்டு, சுற்றிலும் ஐஸ் வைத்து, உறைநிலைக்குப் போகாமல் அன்றே அனுப்ப வேண்டும். புதைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இங்கே அதுதான் நடந்தது. இரத்தம் வந்த கடி, செத்துப்போன நாய், ஊசிப் பதிவில்லை. வைத்தியருக்கு வேறு வழியில்லை: காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாக்கும் தயார் எதிர்ப்புச் சக்தி) ஊசி, பிறகு குறித்த நாட்களில் தடுப்பூசி முழுத் தொடர். அரச வைத்தியசாலையில் இது இலவசம். தாய் இழந்தது நான்கு நாள் பேர். பிள்ளை இழந்தது பாடசாலை நாட்கள்.

கடித்தவுடன் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். லயத்தில் அதற்குப் பீலியே (தண்ணீர்க் குழாயே) போதும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது.

விசர்நாய்க்கடியால் இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்க்கு ஊசி, மனிதருக்கு இலவசச் சிகிச்சை என்று பல பத்தாண்டுகள் உழைத்துக் கிடைத்த பலன் அது. பதிவில்லாமல் வேனில் ஊர் ஊராகப் போகும் குட்டிப்பெட்டி அந்த உழைப்பில் ஓட்டை போடுகிறது.

எங்கே தொற்றியது?

பார்வோ தொற்றி 3 முதல் 7 நாளில், சிலவேளை 14 நாள்வரை பிந்தி, வெளிப்படும். மூன்றாம் நாளே படுத்த குட்டிக்குத் தொற்று பெரும்பாலும் விற்பவரிடமிருந்தே வந்தது. ஆனாலும் "உங்க லயத்து மண்ணுல இருந்திருக்கும்" என்று விற்பவர் சொன்னால், ஒரு குட்டியை மட்டும் வைத்து மறுப்பது கடினம். அதே பெட்டிக் குட்டிகளில் இன்னும் இரண்டு, வேறு வேறு தோட்டங்களில், அதே வாரத்தில் படுத்தன. அது தெரிந்ததும் சந்தேகத்துக்கு இடமில்லை. தெரிந்தது மிருக வைத்தியர் கேட்டு விசாரித்ததால். வாங்கியவர்களின் பட்டியல் விற்பவரிடம் இருந்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

இன்னொரு வாதமும் வரும்: "ஊசி போட்டதாலதான் டெஸ்ட் பொசிட்டிவ்." உயிருள்ள வைரஸ் ஊசி போட்ட சில நாட்களில் பரிசோதனை மெல்லியதாகப் பொசிட்டிவ் காட்டுவதுண்டு. இரத்த பேதியுடன் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும் விழுந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. ஊசி போட்ட திகதி நம்பகமாக எழுதப்பட்டிருந்தால் வாதமே எழாது.

வாசல் மண்

குட்டி போனபின்னும் வைரஸ் போகவில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அது ஓராண்டுக்கு மேலும் இருக்கும். சவர்க்காரம், டெட்டோல், ஸ்பிரிட் எதற்கும் சரியாகச் சாகாது, குளோரினுக்குச் சாகும். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் (30 சதவீத வலு) 10 லீற்றர் வாளிக்கு 60 கிராம், ஏறக்குறைய ஐந்து மேசைக்கரண்டி. முதலில் மலம், மண் எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவியெடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு சீமெந்துத் தரையில் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட வேண்டும். கதவைத் திறந்து வையுங்கள். அமிலம் கலந்த கழுவும் திரவத்தோடு சேர்க்கவே கூடாது. சாக்கையும் பெட்டியையும் எரிக்க வேண்டும். மண் வாசலை இப்படிச் சுத்தமாக்க முடியாது. ஊசி முடியாத குட்டியை அந்த வாசலுக்கு ஓராண்டு கொண்டுவர வேண்டாம். பத்துக் காம்பிராவுக்கும் (லயத்து வீட்டுக்கும்) ஒரே வாசலாக இருக்கிற லயத்தில் இது ஒரு வீட்டின் பிரச்சினையாக நிற்பதில்லை.

கொக்கிப்புழுவையும் சொல்ல வேண்டும். நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும் கொக்கிப்புழு இனமொன்று 1911இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது இலங்கையில் கிடைத்த மாதிரியிலிருந்துதான். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. வெறுங்காலில் பிள்ளைகள் ஓடும் ஈர வாசலில், பூச்சிமருந்து காணாத குட்டி நிற்கிறது. பூச்சிமருந்தை இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கொருமுறை, எட்டாம் வாரம்வரை கொடுக்க வேண்டும். அதாவது நான்கு தடவையும் விற்பவரின் கையில் இருக்கும் காலத்திலேயே வருகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம் 1893இலிருந்தும், நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டம் 1901இலிருந்தும் இருக்கின்றன. இரண்டுக்கும் கண் வளர்ப்பவர் மீதுதான். விலங்குக் கொடுமைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டினது; அதன் தண்டம் 100 ரூபா. அதற்குப் பதிலாக விலங்கு நலன் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைந்தது.

மிஞ்சுவது வணிகச் சட்டம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி நாய்க்குட்டியும் ஒரு பொருள். விற்றவர் சொன்ன தன்மை அதற்கு இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கக் கட்டாயப்படுத்துகிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்த சபையும் உண்டு. எல்லாவற்றுக்கும் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். இந்த நிகழ்வில் வேனின் இலக்கத்தைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை.

தோட்டத்துக்கு இன்னொரு சிக்கல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்குச் சபை செலவுசெய்வதை மறித்து வைத்திருந்தது. 2018இல் திருத்தம் வந்தபின்தான் அந்தத் தடை விலகியது. முப்பதாண்டு காலம் சபையின் எல்லைக்குள் இருந்தும் சபையின் சேவைக்கு வெளியே நின்ற மக்களிடம், "நாயைப் பதிந்தாயா?" என்ற கேள்வியோடு முதன்முதலாக அதிகாரி வருவது நியாயமாகாது.

நாங்கள் கேட்பது

இங்கிலாந்து 2020 ஏப்ரலில், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்பதைத் தடுத்தது. பிரான்ஸ் 2024 ஜனவரியிலிருந்து கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்தியது. இந்தியா 2017இல் இனப்பெருக்குவோரைப் பதியச் சொல்லி, எட்டு வாரத்துக்கு முன் விற்கக்கூடாதென்றது. நம் மலைக்கு இந்தியாவின் எட்டு வார விதியே முதலில் பொருந்தும். தாயையும் காட்டி விற்க வேண்டும் என்ற விதி நல்லதுதான். ஆனால் கீழ்நாட்டில் பிறந்து பெட்டியில் மலையேறும் குட்டிக்குத் தாயைக் காட்ட ஆளில்லை. ஆகவே குட்டியோடு தாள் வர வேண்டும்.

அந்தத் தாளில் விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பதிவிலக்கம், குட்டி பிறந்த திகதியும் இடமும், தாயின் விசர் ஊசித் திகதி, பூச்சிமருந்துத் திகதிகள், ஊசி போட்டிருந்தால் குப்பி ஸ்டிக்கரும் மிருக வைத்தியர் கையொப்பமும், விலை. இரண்டு பிரதி. விற்பவர் தன் பிரதியை இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும். விற்ற 14 நாளுக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்று மிருக வைத்தியர் எழுதினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். 14 என்பது நோய் அரும்பும் காலத்தைப் பார்த்து வைத்த கணக்கு. இணைய விளம்பரத்திலும் பதிவிலக்கம் இருக்க வேண்டும். வீதியோரத்திலும் வாகனத்திலும் குட்டி விற்பது அறவே கூடாது. வம்சாவளிப் பத்திரத்தை இதற்கு ஈடாக ஏற்கக்கூடாது. அது இனத்தைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. நாடாளுமன்றம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உப சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கிறது. வேன் வந்து நிற்பது அவர்களின் பஸ் நிலையத்தில்தான்.

வளர்ப்பவர் பக்கம் எங்கள் எதிர்ப்பைத் தெளிவாகவே பதிகிறோம். வீட்டுக்கு ஒரு நாய், மீறினால் தண்டம், ஆண்டுக் கட்டணம் என்று தொடங்கினால் இரவோடிரவாக நாய்கள் டவுனில் இறக்கிவிடப்படும். லயத்தில் நாய் இருப்பது அலங்காரத்துக்கல்ல. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வரும், மாட்டுக் கொட்டகைப் பக்கம் சிறுத்தை வரும். குரைத்துச் சொல்ல ஒன்று வேண்டும். பல நாய்களுக்குத் தனி உரிமையாளரும் கிடையாது. தொங்கல் (கடைசி) காம்பிராவில் சோறும் நடுக் காம்பிராவில் படுக்கையுமாக இருக்கிற நாயை யார் பெயரில் பதிவது? லயத்தின் பெயரிலேயே பதிய விட வேண்டும்: லயம் இலக்கம், நாயின் அடையாளம், கழுத்துப்பட்டி நிறம், பொறுப்பாக இரண்டு பேர்.

பதிவை விசர் ஊசி நாளோடு சேர்த்தால் தனிச்செலவு வராது. பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) அல்லது பிள்ளைக் காம்பிராவின் (குழந்தைகள் காப்பகத்தின்) முன்னால் மேசை போட்டு, ஊசி போட்ட கையோடு பெயரெழுதலாம். நாள் ஞாயிறாக இருக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால் கொழுந்தை விட்டு யாரும் வர முடியாது. நாயைப் பிடித்துவருவது பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் கையில் கயிறு மட்டும் கொடுத்தனுப்பாமல் பெரியவர் ஒருவரும் வரும்படி முதல்நாளே அறிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் திருப்பியனுப்பாமல் ஊசி போட்டு, மீண்டும் போட வேண்டிய திகதியை அட்டையில் எழுத வேண்டும். பெட்டை நாய்களைத் தனிப்பக்கத்தில் எழுதிக்கொண்டால், கருத்தடை முகாமுக்கு எத்தனை நாய், எந்த லயம் என்ற பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.